அப்பாவின் மார்பில் மூன்று கூட்டல் குறிகள்

1

இங்கே ஓர் அம்மாள் குளித்துவிட்டார் என்பதற்காக நேற்று எட்டுப் பேர் உட்கார்ந்து கூட்டம் போட்டோம்.

சிரிக்காதீர்கள். ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில் ஒரு மருத்துவமனை. அதன் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் நான் இயற்பியலாளன். புற்றுக்கட்டிக்கு இவ்வளவு கதிர் கொடு என்று டாக்டர் எழுதுவார். எந்திரம் அவ்வளவுதான் கொடுக்கிறதா, கொடுக்க வேண்டிய இடத்தில்தான் கொடுக்கிறதா என்று அளந்து சொல்வது என் வேலை. கதிர்வீச்சு அளவியல் என்று அதற்குப் பெயர். வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்க்கிற வேலை மாதிரி. சரியாக இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சிகிச்சைக்கு வருகிறவரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுப்போம். எடுத்த கையோடு உடம்பில் மையால் கூட்டல் குறி போடுவோம். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அறைச் சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடுகளை அந்தக் குறிகளோடு பொருத்தித் தினமும் படுக்கவைத்தால்தான் நேற்றுப் பட்ட இடத்திலேயே இன்றும் கதிர் படும். அதனால் சிகிச்சை முடியும்வரை மை அழியக்கூடாது. அந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை பேத்தி கல்யாணம். போட்டுக்கொள்ள வேண்டியது கழுத்து இறங்கிய கவுன். போட்டோவில் மை எட்டிப் பார்க்குமே என்று நுரை போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டார். திங்கட்கிழமை வந்து, எல்லாம் போய்விட்டது என்று அழுதார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒருத்தி காபி கொண்டுவந்தாள். ஒருத்தி கண்ணைத் துடைக்கக் காகிதம் கொண்டுவந்தாள். மறுபடி ஸ்கேன், மறுபடி குறி, மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய சிகிச்சையே முடிந்துவிட்டது. மறுநாள் கூட்டம். கூட்டத்தின் முடிவு என்னவென்றால், நோயாளி மீது தவறில்லை, வீட்டில் விசேஷம் ஏதும் இருக்கிறதா என்று நாம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அதை அவரிடம் நேரில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை" என்றேன். நான் பிழையில்லாமல் பேசும் சில ஜெர்மன் வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் நன்றாக இருக்கட்டும். அவர் மேல் எனக்கென்ன கோபம்? நாளை என் அப்பாவின் நினைவு நாள். அவரும் குளித்தவர்தான்.

2

மாதத்தில் சில காலைகள் எனக்குத் தண்ணீர்த் தொட்டியோடு விடியும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், எந்திரத்தை முதலில் தண்ணீரில் அளப்போம். பெரிய கண்ணாடித் தொட்டியை நிரப்பி, பென்சில் முனை அளவுக்கு ஓர் அளவுகருவியை உள்ளே இறக்கி, மேலிருந்து கதிரைப் பாய்ச்சிப் பார்ப்போம். தண்ணீரில் சரியாக இருந்தால் ஆளிலும் சரியாக இருக்கும்.

இதை ஒருமுறை போனில் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் கொல்லிமலையில் அரியூர் நாட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே டீக்கடையில், "எம் பையன் ஜெர்மனில தண்ணித் தொட்டிக்கு வைத்தியம் பாக்கறானுங்க" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள், அங்கே தண்ணிக்கெல்லாம் நோவு வருமா என்று கேட்டிருக்கிறார்கள். "வசதியான ஊருங்க, எல்லாத்துக்கும் வரும்" என்றாராம்.

நான் படித்தது மலையில் இருக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளி. எங்கள் சாதி மலையாளி; தமிழ் பேசும் மலைப் பழங்குடி. கொல்லிமலைக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லூரிக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரி, "மலையாளிங்கற, தமிழ் பேசறயே?" என்றார். மலையில் வேலை பார்க்கிறவர் கேட்ட கேள்வி அது. இங்கே எங்கள் பிரிவில் ஒரு கேரளத்து நர்ஸ் இருக்கிறார். யாரோ நான் மலையாளி என்று சொல்லிவைக்க, முதல் நாளே சிரித்துக்கொண்டு வந்து மலையாளத்தில் கொட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஏமாற்றியவனைப் பார்ப்பது போலவே இன்றைக்கும் பார்க்கிறார்.

என் மகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பாவின் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று பள்ளியிலிருந்து ஒரு கட்டுரை கொண்டுவந்தாள். சென்னை என்று எழுதியிருந்தாள். ஏன் என்றேன். "கொல்லிமலைன்னா எக்ஸ்ப்ளெய்ன் பண்ணணும். சென்னைன்னா போதும்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் விளக்கி விளக்கி என்ன கண்டேன்?

3

அப்பாவுக்கு முதலில் களி தொண்டையில் நின்றது. களியை விட்டுச் சோற்றுக்கு மாறினார். சோறு நின்றது, கஞ்சிக்கு மாறினார். கஞ்சியும் நின்ற பிறகுதான் என் தங்கையிடம் சொன்னார். அதுவரை தொண்டையைக் குறை சொல்லாமல் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கை பெயர் பொன்னுமணி. எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். நன்றாகப் படம் வரைவாள். அங்கன்வாடிச் சுவரில் கிளி, மாம்பழம், பசு, பஸ் எல்லாம் அவள் கைவேலை. அரசாங்கம் அச்சடித்து அனுப்பிய படங்களைவிட இவளுடைய பசுவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அம்மா என்று கத்தும். அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் கணவர் கீழே கட்டட வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்.

சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பெயர் வேண்டாம். உணவுக்குழாயில் புற்று என்றார்கள். கதிர்வீச்சுக் கொடுத்தால் கட்டி சுருங்கும், வாய்வழியாகச் சாப்பிடலாம், பிழைக்கவும் வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். சிகிச்சைத் திட்டத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். நல்ல திட்டம். போட்ட பெண் இயற்பியலாளர் கெட்டிக்காரி. நானே போட்டிருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருப்பேன்.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே நான் தங்கியிருப்பதற்கான அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் ஒரு இடைக்காலக் காகிதம் மட்டும் இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, போய் வரலாமா என்று கேட்டேன். அங்கிருந்த பெண்மணி மிகவும் மரியாதையாக, "நீங்கள் போகலாம், உங்களை யாரும் தடுக்கவில்லை" என்றார். திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடியும், நீங்கள் தாராளமாகப் போகலாம் என்றார். மனைவியின் அட்டையும் மகளின் அட்டையும் என் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவும் பொன்னுமணியும் மருத்துவமனைப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை சிகிச்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மலைக்கு வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை இறங்குவார்கள். எச்சிலே விழுங்க முடியாத மனிதர் மலைப்பாதையின் எழுபது வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து போனார். அறையிலேயே இருக்கக் கூடாதா என்று கேட்டேன். "மெளகு காயப் போட்டிருக்குது, ஆரு பாக்கறது?" என்றார்.

மூன்றாவது வாரத்தில் பொன்னுமணி போனில் கத்தினாள். "அண்ணா, அப்பா சாமச் சோறு முழுங்கறாருங்கண்ணா! ரெண்டு கை தின்னாருங்க!"

அன்று நான் வேலையிலிருந்து வரும்போது டிராமில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். இந்த ஊரில் அதுதான் மரியாதை.

4

அந்த வார இறுதியில்தான் பெரிய பங்காளியின் காரியம் வந்தது. அப்பாவின் பெரியப்பா மகன். இரண்டு பேருக்கும் ஒரே வரப்பு. சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. எங்களில் காரியத்தன்று பங்காளிகள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து முழுக வேண்டும். மாமன் மச்சான் முறைக்காரர்கள் வந்து சிகைக்காய் தேய்த்துவிடுவார்கள். முழுகாத பங்காளி செத்தவர்மீது பகை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர் அல்ல.

மார்பில் தண்ணீர் படாமல் முழுகிவிடலாம் என்று நினைத்து ஓடைக்குப் போயிருக்கிறார். அங்கே மச்சான் முறை ஆள் ஒருவர், "ஏனுங் மாமா, இந்த வயசுல மாருல என்னத்தப் பச்ச குத்திட்டு வந்திருக்கறீங்க?" என்று கேலி பேசியிருக்கிறார். அப்பா சிரித்திருக்கிறார். கண்ணில் சிகைக்காய். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் மச்சான் பாசத்தோடு தேய்த்து முடித்துவிட்டார். மூன்று குறியும் ஓடையோடு போயிற்று.

அப்பா பயந்துவிட்டார். மருத்துவமனையில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அழிஞ்சா மறுபடி ஸ்கேன், மறுபடி கியூ, முன்னாடி இருக்கிற இடம் போயிரும். அதைச் சொன்ன ஊழியர் சொன்ன விதமும் ஒன்று இருக்கிறது. பெரியவரே, உங்க மலையில குளிக்கறதே அபூர்வம்தானே, பத்திரமா வெச்சுக்குங்க என்று சொல்லிச் சிரித்தாராம்.

பொன்னுமணி யோசித்திருக்கிறாள். அவளுடைய போனில், குறி போட்ட அன்று எடுத்த போட்டோ இருந்தது. கையில் அங்கன்வாடி மார்க்கர் பேனா இருந்தது. ஒரு பசுவைப் பார்த்து இன்னொரு பசு வரைகிறவளுக்கு மூன்று கூட்டல் குறி என்ன பெரிய காரியம்? அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, மச்சம், விலா எலும்பு, பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு எல்லாவற்றையும் போட்டோவோடு ஒத்துப் பார்த்து, விரலால் அளந்து, அச்சாகப் போட்டுவிட்டாள். போட்டோ பிடித்து எனக்கும் அனுப்பினாள்.

பார்த்தேன். அவ்வளவு நேரான கோட்டை எங்கள் பிரிவில்கூட ஒருவரும் போட மாட்டார்கள். ஒரே ஒரு சந்தேகம்தான். போன் செய்தேன்.

"கண்ணு, அப்பாவ உக்கார வெச்சுப் போட்டயா, படுக்க வெச்சுப் போட்டயா?"

"உக்கார வெச்சுத்தாங்கண்ணா. படுத்தா வெளிச்சம் மறைக்குதுங்க. ஏனுங்க, கோணலா இருக்குதுங்களா?"

கோணல் இல்லை. ஆனால் அவர்கள் குறி போட்டது படுத்திருந்த மனிதர் மேல். இவள் போட்டது உட்கார்ந்திருந்த மனிதர் மேல். மெலிந்த கிழவரின் மார்புத் தோல், நிமிர்ந்தால் ஓரிடம், மல்லாந்தால் ஓரிடம். மச்சமும் தழும்பும் தோலோடு சேர்ந்து நகரும், விரலால் அளந்த இடைவெளியும் மாறும். கட்டி நகராது. உலகத்திலேயே மிக நேர்த்தியாகத் தவறான இடத்தில் போடப்பட்ட குறிகள் அவை என்று நினைத்தேன்.

"நாளைக்கு அங்க போனதும் சொல்லிரு சாமி. மறுபடி போட்டுத் தருவாங்க" என்றேன்.

"சரிங்கண்ணா" என்றாள்.

அவள் சொல்லவில்லை. அப்பா சொல்லவிடவில்லை. "சோறு எறங்குது. இப்பப் போயி எதுக்குப் புள்ள வம்பு?" என்றாராம்.

5

அந்த வாரத்தின் நடுவில் பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிந்தது. தினமும் போகிறார்கள், தினமும் இவள் போட்ட குறியை வைத்தே சிகிச்சை நடக்கிறது. இடம் சரிதானா என்று பார்க்க வாரத்துக்கு ஒருமுறை படம் எடுப்பார்கள். அந்தக் கருவி அப்போது பழுது. முதுகுத்தண்டு பக்கத்திலேயே இருக்கிறது, நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு தள்ளிப் படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத அளவைச் சரியாக இருக்கும் என்று நம்புவது என் தொழிலில் இல்லை. அந்தப் பெண் இயற்பியலாளருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அவர் அப்பாவின் நோயாளி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்றார். "ஆனா எங்கிட்ட சொல்லிட்டீங்க, இனிமே நான் எழுதியாகணும். எழுதிட்டா புது பிளான் இல்லாம ஒரு நாள்கூடக் குடுக்க முடியாது. ஸ்கேன் உடனே எடுத்துடலாம். பிளானுக்கு கியூ இருக்கு சார். நான் ஒருத்திதான் இருக்கேன்."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு வாரம் ஆகும். முன்னாடி தள்ளினா இன்னொருத்தர் பின்னாடி போவார். நீங்களே சொல்லுங்க, யாரத் தள்ளட்டும்?"

அவர்மீது எனக்கு இன்றுவரை ஒரு சொட்டுக் கோபம் இல்லை. இங்கே அரை நாளில் எட்டுப் பேர் செய்வதை அங்கே ஒருத்தி செய்துகொண்டிருந்தாள்.

கோபம் எல்லாம், முதல் நாள் குளியலைச் சொல்லிச் சிரித்துவிட்டு இப்போது வெளியே வராந்தாவில் கத்திய அந்த ஆள் மேல்தான். பொன்னுமணியை எல்லோர் முன்பும் நிற்கவைத்து, "நீ என்ன டாக்டரா? பேனாவும் கையுமா வந்துட்டா? எடம் மாறி அடிச்சுச் செத்தா யாரு பதில் சொல்றது? மலையில இருந்து வர்றவங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது" என்று கத்தியிருக்கிறார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து வாங்க என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

அப்பா மலை ஏறினார். இரண்டு வாரம் கழித்துக் கிளம்பச் சொன்னபோது கட்டிலை விட்டு எழவில்லை. நான் போனில் கெஞ்சினேன். திட்டினேன். என் படிப்பையெல்லாம் சொன்னேன்.

"போதும் சாமி" என்றார். "கோடு போடறது, அழிக்கறது, மறுபடி போடறது. நா என்ன சிலேட்டா?"

அடுத்த மிளகுப் பறிப்புக்கு அவர் இல்லை.

6

என் அட்டை வந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது குழிமேட்டு மண் காய்ந்துவிட்டது. பொன்னுமணி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. கிளம்பும் அன்றுதான் வாய் திறந்தாள். "எம் பேனாதான் அப்பனக் கொன்னுச்சுன்னு ஊரே சொல்லுதுங்க. ஆஸ்பத்திரில சொன்னாங்க, நீங்களும் போன் பண்ணிச் சொன்னீங்க. எல்லாருஞ் சொல்றப்ப இல்லீன்னு நா எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு அவள் மார்க்கர் பேனாவைத் தொட்டதில்லை. அங்கன்வாடிச் சுவரில் பழைய கிளியும் பழைய மாம்பழமும் வெளுத்துப்போய் நிற்கின்றன. அரசாங்கம் அனுப்பிய பசுவுக்குப் பிள்ளைகள் கத்துவதில்லை. என்னோடு நல்ல நாள், கெட்ட நாளுக்கு மட்டும் போனில் பேசுவாள். அந்தப் பேச்சில் மரியாதை அதிகமாகவே இருக்கும்.

அளவு தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. என் போனுக்குப் பிறகு, இவள் போட்ட குறிகளோடேயே அப்பாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். முதல் ஸ்கேனையும் அதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு தள்ளி இருந்தது என்று தெரிந்துவிடும். மருத்துவமனையில் கேட்டேன். இறந்தவர் படத்தைக் கொடுக்க வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று. இறப்புச் சான்றில் அப்பாவின் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த, மலைக்கு மாற்றலாகி வந்து எந்நேரமும் கீழேயே இருக்கும் ஓர் அதிகாரியின் கையெழுத்து. நான் வெளிநாட்டில் இருப்பதால் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு இந்தியத் தூதரகத்தில் ஒரு முத்திரை. அப்பா கட்டிலில் கிடந்த காலத்தைவிட அவருடைய படம் வந்து சேர ஆன காலம் பல மடங்கு.

போன மாதம்தான் கைக்குக் கிடைத்தது. வேலை முடிந்ததும் எங்கள் பிரிவின் பயிற்சிக் கணினியில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு விரற்கடைக்குச் சற்று அதிகம், மேல்பக்கமாக. அவ்வளவுதான். உணவுக்குழாய்க்குத் திட்டம் போடும்போது கட்டிக்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டுத்தான் போடுவோம். அந்தக் கெட்டிக்காரப் பெண் தாராளமாகவே விட்டிருந்தார். பொன்னுமணியின் குறிகளை வைத்துக் கொடுத்த எல்லா நாளும் கட்டி முழுக்கக் கதிருக்குள்தான் இருந்தது. தண்டுக்கும் ஆபத்தில்லை, நுரையீரலுக்கும் ஆபத்தில்லை. கணக்கை மறுபடி போட்டேன். நம்பிக்கை வராமல், யாருடையது என்று சொல்லாமல் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அழகில்லை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நானாக இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போனார்.

தொடர்ந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. சாமைச் சோறு இன்னும் கொஞ்ச காலம் இறங்கியிருக்கும். அதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

என் போனைப் பற்றியும் கேட்பீர்கள். அளவு தெரியாதபோது நிறுத்தச் சொல்வதுதான் சரி. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதே போனைத்தான் செய்வேன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். பொன்னுமணியிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அவள்மீது குற்றமில்லை என்று சொன்னால், குற்றமில்லாத ஒன்றுக்காக நிறுத்தியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

7

இன்று நினைவு நாள். இங்கே ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, விடுமுறையும் இல்லை. காலையில் மகளைக் கூப்பிட்டு, அத்தைக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போ என்றேன். போனுக்கு முன்னால் வந்து நின்று, "அத்தை, எப்டி இருக்கீங்க?" என்றாள். அந்த வாக்கியம் முடிந்ததும் அவளிடம் தமிழ் முடிந்துவிட்டது. பொன்னுமணி ஏதோ கேட்டாள், இவள் என்னைப் பார்த்தாள், நான் மொழிபெயர்ப்பதற்குள் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பொன்னுமணி போனைத் திருப்பிப் படையலைக் காட்டினாள். வாழை இலையில் சாமைச் சோறு, அவரைக் குழம்பு, ஓரத்தில் வெற்றிலைப் பாக்கு. அப்பாவின் படத்துக்குப் பொட்டு வைத்திருந்தாள். ஊட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார், நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றாள்.

நேற்று முன்தினம் அந்த ஜெர்மன் அம்மாளிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். பேர்கூடச் சரியாக வாயில் நுழையாத ஒருவருக்குக் கொடுத்த வார்த்தையைக் கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்காமல் எதற்குப் பதுக்கி வைத்திருக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"கண்ணு, அப்பாவோட ஸ்கேன் படம் வந்துருச்சு. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அவள் இலையைச் சரி செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீ போட்ட கோடு போதுமானதாத்தான் இருந்துச்சு. கொஞ்சந்தான் தள்ளி. அது ஒண்ணும் பண்ணாது. பட வேண்டிய எடத்துலதான் பட்டிருக்குது. உம் பேனா அப்பாவ ஒண்ணுஞ் செய்யலை. உம்மேல ஒரு தப்பும் இல்ல சாமி."

அவள் இலையை விட்டுவிட்டுப் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். பின்னால் யார் வீட்டிலோ கோழி கத்தியது. அவள் கண் சிமிட்டுவது தெரிந்தது.

"நெசமாவாங்கண்ணா?"

"நெசமா. வேற ஒருத்தர்கிட்டயுங் காட்டிக் கேட்டுட்டேன். நிறுத்தியிருக்க வேண்டியதில்லைன்னுதான் அவருஞ் சொன்னாரு."

அவள் முகத்தில் ஏதாவது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் தூக்கித் திரிந்த பாரம் இறங்கினால் மனிதர் முகம் எப்படி மாறும் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு இலையில் இருந்த சோற்றைப் பார்த்தாள்.

"தப்பாப் போட்டிருந்தாத் தேவலைங்கண்ணா" என்றாள். "நிறுத்துனதுக்காவது ஒரு நாயம் இருந்திருக்கும்."